மூடிய அறையும் பாலாற்றுத் தண்ணீரும்

ஆம்பூரிலோ பேர்ணாம்பட்டிலோ ஒரு டேனரிக்குள், அதாவது தோல் பதனிடும் ஆலைக்குள், போனால், டிரம்முக்குப் பக்கத்தில் ரெசிபி எழுதிய தாள் கண்ணில் படும். குரோம் ஏற்றும் கட்டத்துக்கான தாள் என்றால் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: தோலின் எடையில் 80 சதவீதம் தண்ணீர், 8 சதவீதம் உப்பு, 10 நிமிடம் ஓட்டு. கந்தக அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஆறவிட்டுத் தவணை தவணையாக ஊற்று. பிஎச் 2.8 வந்ததா பார். பிறகு 8 சதவீதம் பேசிக் குரோமியம் சல்பேட். கடைசியில் சோடியம் ஃபார்மேட், சோடியம் பைகார்பனேட். அதையும் மூன்று தவணையாக. முடிவில் பிஎச் 3.8. தடிப்பான இடத்தில் ஒரு துண்டை வெட்டி, நீலம் நடுவரை இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னொரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று சோதிப்பார்கள். அதற்குப் பிறகுதான் டிரம்மைத் திறந்து சரக்கை இறக்குவது.

இத்தனை துல்லியமான தாளை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு ஊர் டேனரியில் அதே சரக்கை எடுக்கப் பார்த்தால் வேறு தோல் வரும். தாளில் எழுதாத சங்கதிகள் பல. போர்வெல் தண்ணீரில் எவ்வளவு கடினம், அன்றைக்கு எவ்வளவு வெயில், முந்தைய லாட்டின் மிச்சம் டிரம்மின் மரப்பலகையில் எவ்வளவு ஊறிக்கிடக்கிறது, பச்சைத்தோல் உப்புக்கட்டில் எத்தனை நாள் கிடந்தது. இவை போக மேஸ்திரியின் கை. தோலைத் தொட்டுப் பார்த்து 'இன்னும் அரைமணி ஓடட்டும்' என்பார். அந்த அரைமணி எந்தத் தாளிலும் ஏறாது. அவர் வேறு டேனரிக்குப் போய்விட்டால் அந்தத் தரமும் கூடவே போய்விடும்.

மென்பொருள் தொழிலின் பழைய நோயும் இதேதான். நிரல் எழுதியவரின் கணினியில் ஓடும், அடுத்தவர் கணினியில் ஓடாது. 'என் மெஷினில் ஓடுதே' என்பதை ஒரு பதிலாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த மெஷினில் ஆறு மாதத்துக்கு முன் வேறு ஏதோ வேலைக்காக நிறுவிய நூலகம் ஒன்று இருக்கும். கை மறந்து மாற்றிய அமைப்பு ஒன்று இருக்கும். வேறெங்கும் இல்லாத பழைய பதிப்பு ஒன்று கிடக்கும். மூலநிரல் என்பது ரெசிபித் தாள். அதைக் கணினி ஓட்டக்கூடிய பொதியாக, அதாவது பேக்கேஜாக, மாற்றுவதுதான் பில்ட். அந்த வேலை நடக்கும் இடத்தில் ஏற்கெனவே கிடப்பதெல்லாம் யாரும் கேட்காமலே பொதிக்குள் கசிந்துவிடும்.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. கணினிக்குள்ளேயே ஒரு வெற்று அறையைக் கட்டுவது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சிஎச்ரூட்' என்ற வசதி வந்தது. ஒரு கோப்புறையைக் காட்டி, இதுதான் உனக்கு முழு உலகம் என்று ஒரு நிரலிடம் சொல்லிவிடலாம். அதற்கு வெளியே இருப்பது எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை 1993-இல் இயன் மர்டாக் தொடங்கினார். அதில் உழைக்கும் தன்னார்வலர்கள் பிபில்டர், எஸ்பில்ட் போன்ற கருவிகளைக் கொண்டு இந்த அறையை ஒவ்வொரு பொதிக்கும் புதிதாக எழுப்புகிறார்கள். முதலில் குறைந்தபட்ச அமைப்பு மட்டும் அறைக்குள் விரிகிறது. பொதிக்காரர் தன் பட்டியலில் என்னென்ன தேவை என்று எழுதியிருக்கிறாரோ, அவை மட்டும் உள்ளே வருகின்றன. பில்ட் நடக்கிறது. பொதி வெளியே வந்ததும் அறையையே இடித்துவிடுகிறார்கள். அடுத்த பொதிக்கு வேறு அறை. முந்தைய லாட்டின் மிச்சம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பட்டியலில் ஒன்றை எழுத மறந்திருந்தால் பில்ட் அங்கேயே விழும். அப்படி விழுவது நல்லது. மேஸ்திரியின் அரைமணியைத் தாளில் எழுத வைக்கும் கண்டிப்பு அது.

இணையக் கதவையும் சாத்த வேண்டும். கட்டும் நேரத்தில் வெளியிலிருந்து எதையும் இறக்கக் கூடாது என்பது டெபியனின் விதி. ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு 2016 மார்ச் மாதம் பதில் சொன்னது. 'லெஃப்ட்-பேட்' என்று 11 வரி நிரல் ஒன்று. அதை எழுதியவர் ஒரு தகராறில் பொதுக் கிடங்கிலிருந்து தன் படைப்புகளையெல்லாம் எடுத்துவிட்டார். உலகம் முழுக்க எத்தனையோ பெரிய மென்பொருள்களின் பில்ட் சில மணி நேரம் நின்றுபோனது. கட்டும்போதே கடைக்கு ஓடுகிற பழக்கத்தின் விலை அது. எல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டின் மையமான நிக்ஸ் முறை இதற்கு ஓர் ஒழுங்கு தருகிறது. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு கோப்புக்கும் அதன் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை, முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ரேகை ஒத்துப்போனால் உள்ளே வரலாம்.

2019 ஜூலையில் டெபியன் எடுத்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். அதுவரை ஒரு பொதிக்காரர் தன் மடிக்கணினியில் கட்டிய பொதியை அப்படியே அனுப்பலாம். அதன்பின் அப்படி அனுப்பியவை அடுத்த பதிப்புக்கான வரிசையில் சேராது. திட்டத்தின் சொந்த பில்ட் இயந்திரங்களில் கட்டியவை மட்டுமே சேரும். இருபது வருடம் உழைத்த மூத்தவருக்கும் இதே விதி, நேற்று சேர்ந்த மாணவருக்கும் இதே விதி. நல்லவர் ஒருவர் தன் இயந்திரம் கெட்டிருப்பதே தெரியாமல் கெட்ட பொதியை அனுப்பிவிடலாம். அந்த ஆபத்தை அவர்மேல் சந்தேகப்படாமலே நீக்குகிறது அந்த முடிவு.

இவையெல்லாம் எங்கோ நடக்கிற காரியங்கள் என்று இந்தப் பகுதியில் யாரும் நினைக்க வேண்டாம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனின் மேல் எழுந்த அமைப்பு. ஷூ கம்பெனி ஷிஃப்டுக்குப் போகும் அம்மாவின் மகள் வாணியம்பாடியில் அந்தக் கணினியைத் திறந்தபோது, யாரோ எந்த நாட்டிலோ கட்டிய பொதிகளைத்தான் ஓட்டினாள். அவை எந்த அறையில் கட்டப்பட்டவை என்று கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்படிக் கேட்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

தமிழ் எழுத்துருவையே எடுத்துக்கொள்ளலாம். லோகித் தமிழ் எழுத்துரு டெபியனில் 'ஃபான்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல்' என்ற பொதியாக இருக்கிறது. எழுத்துகளின் வளைவுகளை வரைந்த மூலக்கோப்பை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற கருவி எழுத்துருக் கோப்பாக மாற்றுகிறது. அந்தக் கோப்புக்குள் 'ஹெட்' என்று ஒரு சிறு அட்டவணை. கோப்பு எப்போது உருவானது, எப்போது மாறியது என்பதை, 1904 ஜனவரி 1 தொடங்கி எண்ணிய விநாடிகளாக அதில் பதிந்து வைப்பார்கள். ஃபான்ட்ஃபோர்ஜ் தன் பங்குக்குத் தனக்கென்று இன்னொரு நேர அட்டவணையையும் சேர்க்கும். விளைவு: அதே மூலம், அதே கருவி, அதே அறை, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கட்டினால் இரண்டு கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாது. திரையில் 'ழ' அப்படியே 'ழ'தான். உள்ளே கோப்பு வேறு. இரண்டையும் ஒப்பிட வந்த அந்நியருக்கு, வேறுபாடு வெறும் நேரத்தால் வந்ததா, யாரோ எதையோ நுழைத்ததால் வந்ததா என்று முதல் பார்வையில் சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 'சோர்ஸ் டேட் எபாக்' என்ற ஏற்பாடு வந்தது. கட்டும் நேரத்துக்குப் பதிலாக, மூலம் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைப் பதிப்பது. ஃபான்ட்ஃபோர்ஜும் இதை ஏற்றுக்கொண்டது.

2013 முதல் டெபியனில் ஒரு குழு இதே வேலையாக இருக்கிறது. ஒவ்வொரு பொதியையும் இரண்டு முறை கட்டுவார்கள். இரண்டாவது முறை வேண்டுமென்றே சூழலை மாற்றுவார்கள்: கடிகாரத்தை ஒரு வருடத்துக்கும் மேல் முன்னே தள்ளுவார்கள், நேர மண்டலத்தை மாற்றுவார்கள், இயந்திரத்தின் பெயரை, பயனரின் பெயரை, மொழி அமைப்பை மாற்றுவார்கள். இத்தனைக்குப் பிறகும் இரண்டு பொதிகளும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக வந்தால்தான் தேர்ச்சி. 2023-இல் வந்த டெபியன் 12-இல் மொத்தம் 64,419 பொதிகள். அத்தனையிலும் இந்தச் சின்னச் சின்னக் கசிவுகளைத் தேடி அடைப்பது எவ்வளவு பொறுமை வேண்டிய வேலை! புகழ் கிடைக்காத வேலையும்கூட.

கண்ணுக்குத் தெரியாத கசிவும் சரக்கைக் கெடுக்கும் என்ற உண்மையை நம் ஊர்த் தோல் கசப்பாகக் கற்றது. 1989-இன் இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனாலைத் தடைசெய்தது. ஈரத் தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இங்கே சாதாரணமாகச் சேர்த்த மருந்து அது. முடிந்த தோலைக் கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது, தொட்டால் தெரியாது, பரிசோதனைக்கூடத்தில் தெரியும். கப்பலேறிப் போன சரக்குக்கு அங்கே சந்தை மூடியது. பிறகு சில சாயங்களுக்குத் தடை. 2015 மே முதல் ஐரோப்பாவில் தோல் பொருளில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி. இந்தக் குரோமியத்தை டிரம்மில் யாரும் போடுவதில்லை. போடுவது மூன்றிணைதிறன் குரோமியம். பின்னால் சேர்க்கும் எண்ணெய், சூடு, வெளிச்சம் இவை கூடும்போது அதில் ஒரு சிறு பங்கு தானே மாறிவிடுகிறது. கம்பெனி வாசலில் தேறிய தோல், கன்டெய்னரில் வெந்து போய் அங்கே தேறாமல் போகலாம். அதனால்தான் இப்போது விவரமான வாங்குவோர் தோலைச் சோதிப்பதோடு நிற்காமல், எந்த எண்ணெய், எந்தச் சாயம், யாரிடம் வாங்கியது என்று உள்ளே போன ஒவ்வொன்றின் கணக்கையும் கேட்கிறார்கள்.

மென்பொருளில் அந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் வெளிவந்த, சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரம் முதலாவது. அங்கே தாக்கியவர்கள் மூலநிரல் களஞ்சியத்தைத் தொடவில்லை. பில்ட் இயந்திரத்துக்குள் புகுந்து காத்திருந்தார்கள். பில்ட் தொடங்குவதைக் கண்டதும் ஒரே ஒரு கோப்பை மாற்றி, முடிந்ததும் பழையபடி வைத்துவிட்டார்கள். நிறுவனமே கையொப்பமிட்டு அனுப்பிய அந்தப் பொதி ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்களைச் சென்று சேர்ந்தது. அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஆள் இருந்தான்.

இரண்டாவது இன்னும் நுட்பம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி; லினக்ஸ் உலகில் எங்கும் இருக்கும். ஒருவரே பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கும் மேல் நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்று, 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு வைத்தார். நஞ்சு, சோதனைக்கென்று வைத்த கெட்டுப்போன மாதிரிக் கோப்புகளுக்குள் இருந்தது. அதை எடுத்துச் சேர்க்கும் வரிகள் எல்லாரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டுக்கென்று கட்டி அனுப்பிய மூட்டையில் மட்டும் இருந்தன. அதோடு, தான் எங்கே கட்டப்படுகிறோம் என்று அந்த நிரல் சுற்றும் முற்றும் பார்த்தது. டெபியன் பொதிக்கான கோப்பு பக்கத்தில் இருக்கிறதா, ஆர்பிஎம் பொதிக்கான அடையாளம் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் மட்டும் விழித்துக்கொண்டது. தனியொருவர் வீட்டில் கட்டிப் பார்த்தால் சுத்தமாக வரும். நம் தூய அறைக்குள் வந்தால்தான் விஷம் இறங்கும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் இதை வெளிப்படுத்தினார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் பிடிக்கிறதே என்று விடாமல் தோண்டிப் பார்த்தவர் அவர். டெபியன் உடனே பழைய 5.4.5-க்குத் திரும்பியது. அந்தப் பொதியின் எண்ணிலேயே '5.6.1+ரியலி5.4.5' என்று பச்சையாக எழுதி வைத்தார்கள். அந்த நேர்மை எனக்கு ஆறுதல் தந்தது.

ஆக, அறையை மூடுவது முதல் படி மட்டுமே. வாசலில் வருகிற மூட்டை கெட்டிருந்தால் அறை அதை அப்படியே ஒழுங்காகக் கட்டித்தரும். கென் தாம்சன் 1984-இல் அச்சில் வெளியான தன் டூரிங் விருது உரையில் இன்னும் ஆழமாகப் போனார்: மூலநிரல் முழுவதும் சுத்தமாக இருந்தாலும் அதை மொழிபெயர்க்கும் கம்பைலரே கெட்டிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாற்பது வருடமாகப் பதில் தேடுகிறார்கள். கீக்ஸ் என்ற திட்டத்தினர் 2023-இல் வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு விதையிலிருந்து தொடங்கி, படிப்படியாக மூலத்திலிருந்தே தங்கள் கருவிகளையெல்லாம் கட்டிக்காட்டினார்கள். 357 பைட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்துவிடலாம்.

இங்கேதான் நம் டேனரிகளின் பக்கத்தில் ஓடும் பாலாறு நினைவுக்கு வருகிறது. டேனரிகளின் மதில்கள் உயரமானவை. தொழில் ரகசியம் என்று ரெசிபியைப் பூட்டி வைத்தார்கள். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று கேட்கும் உரிமை பக்கத்து வயல்காரருக்கு இல்லை. ஜெர்மனிக்காரர் தோலைச் சோதித்து 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைப் பதிவு செய்தது: குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் வரை பயன்படுகின்றன, டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளில் இது முக்கியமான ஒன்று. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. அதன் பிறகும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றை அடைத்து வைத்த தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

மதில் எழுப்பி அடைப்பது வேறு. யார் வேண்டுமானாலும் வந்து அதே அறையை எழுப்பிப் பார்க்கலாம் என்று ரெசிபியைத் திறந்து வைத்துவிட்டு, வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் கதவைச் சாத்துவது வேறு. முதலாவதில் நம்பு என்று கட்டளை வருகிறது. இரண்டாவதில் நீயே செய்து பார் என்று அழைப்பு வருகிறது. பாலாற்றங்கரை மக்களுக்கு மறுக்கப்பட்டது அந்த அழைப்புதான்: நாமே தண்ணீரை அளந்து, நாமே கணக்கோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் அதை எல்லாரும் கேட்கும்படி சொல்லும் உரிமை. மென்பொருளில் அந்த உரிமையைக் கொஞ்சம் பேர் ஊதியமில்லாமல் உழைத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். நாம் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம்.

வேலூரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாகப் போகும் ரயில் பாதையின் மறுமுனையான விழுப்புரத்தில், 2023 ஜனவரியில் உள்ளூர் லினக்ஸ் ஆர்வலர்கள் மினி டெப்கான்ஃப் என்ற டெபியன் மாநாட்டை நடத்திக்காட்டினார்கள். அது பெருநகரம் இல்லை. இங்கேயும் முடியும். இறுதியாண்டு மாணவர்களுக்கு வேறெந்தப் புராஜெக்ட்டும் தோன்றவில்லை என்றால் ஆசிரியர்கள் இதைக் கொடுக்கலாம்: தமிழ் எழுத்துருப் பொதி ஒன்றின் மூலத்தை இறக்குங்கள். எஸ்பில்டில் ஒரு வெற்று அறையை எழுப்பிக் கட்டுங்கள். கடிகாரத்தை மாற்றி இன்னொரு முறை கட்டுங்கள். டிஃப்ஓஸ்கோப் என்ற இலவசக் கருவியில் இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு டெபியன் கிடங்கில் இருக்கும் பொதியோடும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் ஒத்துப்போகிறது என்று எழுதி வெளியிடுங்கள். போகாவிட்டால் எந்த பைட்டில் வேறுபடுகிறது என்று கண்டுபிடித்து அதைப் பிழையாகப் பதியுங்கள். இதற்கு ஒரு பழைய மடிக்கணினி போதும். பள்ளியில் கொடுத்ததே போதும்.